வடிவாத் தெரியுது

செயற்கைக் கருவிழிப் படலம் பொருத்திய கண்ணின் கட்டை அவிழ்த்துக்கொண்டு, குருநகர் வீட்டுக்கு வந்திறங்கிய கிறகோரி முதலில் தேடியது முகம் பார்க்கும் கண்ணாடியைத்தான். ஆறு வருடம் கழித்துத் தன் மீசையைக் கண்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. கலியாணத்தன்றுகூடக் கத்தரிக்கோலைக் கிட்ட விடாத மீசை அது. இரு நுனியையும் முறுக்கிவிட்டு மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார்.

லூர்த்தம்மா வெட்கப்படவில்லை. விரல்களை நீட்டினாள்.

“இது எத்தினை?”

“மூண்டு. சுண்டுவிரலிலை மஞ்சளும் ஒட்டியிருக்கு.”

“வாசல் முத்தத்திலை என்ன நிக்குது?”

“எங்கடை சேவல். ஒற்றைக் காலை நொண்டுது.”

“எனக்காகச் சும்மா சொல்லாதேங்கோ. மங்கல் இல்லையே?”

கொஞ்சம் மங்கல்தான். ஆனால் இத்தனை காலம் தனக்காக அழுதவளை இன்னும் ஏன் கலங்க வைக்கவேண்டும்? கிறகோரி சுவரிலிருந்த அந்தோனியார் படத்தில் கை வைத்தார்.

“அந்தோனியார் சாட்சியா வடிவாத் தெரியுது! கடலிலை போற கப்பலின்ரை கொடி என்ன நிறமெண்டும் சொல்லுவன்!”

லூர்த்தம்மா சிலுவை போட்டுக்கொண்டு, அடுப்படிப் பக்கம் திரும்பிக் கூவினாள்.

“எமில்ராஜ் தம்பி, வாங்கோ! அவருக்குக் கண் தெரியுதாம்!”

சலூன்கார எமில்ராஜ் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி, சவரக்கத்தியோடு வந்து நின்றார்.

“இது என்னத்துக்கு?”

“கண் வடிவாத் தெரிஞ்சால் உங்கடை மீசையை எடுக்கிறன் எண்டு அந்தோனியாருக்கு நேர்ந்தனான்.”

மத்தியான வெயில் வீட்டுக்குள்ளும் வந்து கொளுத்திக்கொண்டிருந்தது. கிறகோரி ஒரு கையால் மீசையைப் பொத்திக்கொண்டு, மறு கையால் சுவரைத் தடவத் தொடங்கினார்.

“லூர்த்து, லைட்டைப் போடுமப்பா! ஒண்டுமே தெரியேல்லை!”