இயக்கப் பெயர்

"நம்ம அஞ்சு பேர்ல ஒருத்தன் அமெரிக்கா போக மனு போட்டிருக்கான்!"

தளபதி ஜ்வாலா போட்ட சத்தத்தில் மூங்கில் குடிசையே ஆடியது. சிகர் மெல்லக் கதவோரம் நகர்ந்தான். மனு போட்டவன் அவன்தான்.

பூட்டான் ராஜாவின் ஆட்சியைக் கவிழ்க்க, அங்கிருந்து துரத்தப்பட்டவர்கள் வாழும் நேபாளத்து அகதி முகாமில் பிறந்த இயக்கம் அது. ஆள் ஐந்து, துப்பாக்கி ஒன்று. அதுவும் மழை நாளில் சுடாது. சட்டம் மட்டும் படு கறார்: புரட்சியை விட்டுவிட்டு வெளிநாடு போக மனு போட்டால் கால் முறியும். பக்கத்து முகாமில் அப்படி ஒருவர் இன்னும் கட்டோடு படுத்திருக்கிறார்.

"யாருன்னு தெரிஞ்சுதா தோழர்?" என்று கேட்டான் சிகர்.

"எங்க தெரியறது? நம்ம ஆளு ஒருத்தன்னு மட்டும்தான் ஆபீஸ்லேர்ந்து சேதி கசிஞ்சுது. சுவர்ல ஒட்டின அமெரிக்கா பட்டியல்ல இருக்கிறதெல்லாம் சொந்தப் பேரு. நமக்குள்ள இயக்கப் பேரைத் தவிர வேற பேரே தெரியக் கூடாதுன்னு நாமதானே விதி போட்டோம்!"

சிகருக்குப் பாதி உயிர் வந்தது.

"நாளைக்குக் காலையில அமெரிக்கா போறவங்களை ஏத்திட்டுப் போக பஸ் வருது. ஏறும்போது பிடிச்சிடலாம்."

"பஸ்கிட்ட நான் காவல் நிக்கிறேன் தோழர்!" என்றான் சிகர் அவசரமாக.

"இல்ல, நான்!" "நான் நிக்கிறேன்!" என்று மற்ற மூவரும் முண்டியடித்தார்கள்.

"ஒருத்தனும் வர வேணாம். நான் ஒருத்தனே போதும். நீங்க ஆத்துக்கு அந்தப் பக்கம், காட்டுல ஆளுக்கொரு மூலையில இருங்க. சாயங்காலம் வரைக்கும் முகாம் பக்கம் தலைகாட்டினா தெரியும் சேதி!"

மறுநாள் காலை சால்வையை முகத்தோடு சுற்றிக்கொண்டு சிகர் பஸ்ஸில் ஏறினான். மடியில் குழந்தையோடு அவன் மனைவி சந்த்ரகலா கண் கலங்கினாள்.

"நீங்க வரலைன்னா எங்களையும் இறக்கி விட்டிருப்பாங்க, தெரியுமா?"

"மெதுவாப் பேசுடி. தளபதி இங்கதான் எங்கயோ நிக்கிறாரு."

டீக்கடையோரம் பார்த்தான். குழாயடியில் பார்த்தான். தளபதியைக் காணோம். பஸ் கிளம்பி முகாமைத் தாண்டியதும்தான் அவனுக்கு மூச்சு சீரானது. கால் இரண்டும் பத்திரம்.

பஸ்ஸில் கூட வந்த அதிகாரி பட்டியலை விரித்தார்.

"பதம்லால் கதிவாடா!"

"இருக்கேன் சார்," என்று சிகர் சால்வையை விலக்கினான்.

"துர்காமணி உப்ரேதி!"

"இருக்கேன் சார்!"

மூங்கில் குடிசையை ஆட்டிய அதே குரல் முன்சீட்டிலிருந்து வந்ததும், பின்சீட்டில் முக்காடு போட்டிருந்த மூன்று பேர் ஒரே நேரத்தில், "அப்பாடா, தோழர்!" என்றார்கள்.