தாய்வழி

"நீங்கதான் மாப்பிள்ளையா?" என்று ஆஸ்பத்திரித் தாதி நிஸ்மியா மிஸ்ஸி கேட்டதும் நிதுர்ஷனுக்கு முகம் கறுத்துவிட்டது.

"இல்ல மிஸ்ஸி. மச்சான்" என்றான். பக்கத்தில் இருந்த கஜானி யன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, மிஸ்ஸியில் பிழையில்லை. போன தை மாதம் வரைக்கும் இவன்தான் மாப்பிள்ளை. இவனுடைய தகப்பன் நல்லரத்தினத்தின் கூடப்பிறந்த தங்கச்சி மகள்தான் கஜானி. சின்ன வயதிலேயே பேசிவைத்த உரிமை. கல்யாணத்துக்கு நாள் பார்க்கிற நேரத்தில் நம்முடைய சிங்கம் பின்வாங்கிவிட்டது.

காரணம், நல்லரத்தினத்தைக் கொண்டுபோன வருத்தம். வட்டையில் வயல் வரம்பு கட்டிக்கொண்டு நின்ற மனிசனின் கையிலிருந்து மண்வெட்டி நழுவியதில் தொடங்கியது. பிறகு கால் போய், பேச்சுப் போய், கஞ்சித்தண்ணி விழுங்கவும் ஏலாமல் இரண்டு வருடத்தில் முடிந்துபோனார். நரம்பு வருத்தம், குடும்பத்துக்குள் இறங்கி வருகிற வகை என்று டொக்டர் சொன்னார். விசாரித்தால், நல்லரத்தினத்தின் தாய்மாமனும் அப்படியே கிடந்துதான் போயிருக்கிறார்.

நிதுர்ஷனின் தாய் அன்னப்பூரணி உடனே முடிச்சுப் போட்டுவிட்டா. கொக்கட்டிச்சோலைப் பக்கம் குடி என்கிற வம்சப் பிரிவு தாயோடு வருவது. தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. தகப்பன் குடி பிள்ளைக்கு இல்லை. மாமனிடமிருந்து மருமகனுக்கு வந்த வருத்தம் அடுத்தது யாருக்கு? அவருடைய தங்கச்சி பிள்ளைக்குத்தானே!

"அது அவங்கட குடியோட வாற வருத்தம் மனே. நீ என்ட குடி, உனக்கு ஒண்டும் வராது. அந்தப் புள்ளைய முடிச்சியெண்டா உன்ட புள்ளைகளுக்கு வரும்" என்றா.

நிதுர்ஷனுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. அதோடாவது வாயைப் பொத்திக்கொண்டு இருந்தானா? தேத்தண்ணிக் கடையில் கேட்டவன் கேளாதவன் எல்லாரிடமும் "அவளுக்கு அந்த வருத்தம் இரிக்கு" என்று சொல்லித் திரிந்தான். அதற்குப் பிறகு கஜானியைப் பெண் கேட்டு ஒருவரும் அந்த வளவுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இவனுக்கு மட்டும் செங்கலடியில் பெண் பேசி, ஆவணியில் நாளும் வைத்தாயிற்று.

இருக்கா இல்லையா என்று தெரிந்துகொண்டால் போதும் என்று கஜானி தானாகவே வந்து இரத்தம் கொடுத்தாள். அது கொழும்புக்குப் போய், முடிவு இன்றைக்குத்தான் வந்திருக்கிறது. "எனக்கு முழங்கால் ஏலாது மகன். நீயாவது உன்ட ஓட்டோவில கூட்டிட்டுப் போ" என்று கஜானியின் தாயான மாமி கேட்டபோது, மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

வரும் வழியில் மண்முனைப் பாலம் தாண்டியதும் பின்னால் இருந்த அவளுடைய முகம் தெரியாமல் இருக்க அவன் கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டான்.

மிஸ்ஸி ஃபைலைப் புரட்டினா. "மௌத்தாப்போன உங்கட மாமாக்குப் புள்ளைகள் இல்லையா? இதில ஒண்டும் எழுதல்லயே."

கஜானி வாய் திறக்கமுன் நிதுர்ஷன் முந்திக்கொண்டான். "ஒரு மகன் இரிக்கான் மிஸ்ஸி. அவன் வேற குடி. அவனுக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்ல."

அந்த மகன் நான்தான் என்று சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. மிஸ்ஸி அவனை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, ஏதோ எழுதிக்கொண்டு கஜானியை டொக்டரிடம் கூட்டிப்போனா.

அரை மணித்தியாலம் கழித்துக் கதவு திறந்தது. கஜானி லேஞ்சித் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். அழுகையில் தோள் இரண்டும் குலுங்கின.

நல்ல காலம், தப்பினேன். அவன் மனதில் முதலில் வந்து விழுந்தது இதுதான். அடுத்த நிமிடமே உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. சீ, நானும் ஒரு மனிசனா என்று தன்னையே காறித் துப்பவேண்டும் போல இருந்தது.

எழுந்துபோய் அவளுக்கு முன்னால் நின்றான். வாங்குப் பலகையில் இருந்த சனமெல்லாம் பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டான்.

"நான் செய்தது பெரிய பிழை புள்ள. ஊரெல்லாம் உன்னப் பத்திக் கதைச்சுத் திரிஞ்சதும் நான்தான். உன்ட முகத்தப் பாக்கவே வெக்கமா இரிக்கு." "இனி எல்லாக் கிளினிக்குக்கும் நானே கூட்டிட்டு வாறன். நடக்க ஏலாமப் போனாலும் தூக்கிட்டு வருவன்."

கஜானி இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"எனக்கு ஒண்டும் இல்ல மச்சான். ரத்தத்தில ஒரு பிழையும் இல்லையாம்."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்ப என்னத்துக்கு இப்பிடி அழுறாய்?"

தை மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவள் அவனை நேராகப் பார்த்தாள். டொக்டரின் அறைக் கதவு இன்னும் திறந்தபடியே இருந்தது. மிஸ்ஸி வாசலில் நின்று அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா.

"தகப்பன்ட பக்கத்தாலயும் வருமாம் மச்சான்."