நாற்பது நிமிடம்

மலேசியாவில், ஜெயராஜின் கிள்ளான் வீட்டுக் கம்ப்யூட்டரில், அப்பாவின் இறுதிச் சடங்கு வீடியோ பெட்டியை மூடும் இடத்தில் மட்டும் நின்றுபோனது.

"மெமரி கூட்டியாச்சு அண்ணே. மத்த படமெல்லாம் நல்லா ஓடுது லா," என்றார் பழுது பார்க்க வந்த குணாளன்.

நின்ற படத்தில் யாரும் அசையவில்லை. அதிலிருந்த சுவர்க்கடிகாரம் மட்டும் நாற்பது நிமிடம் ஓடியது. பிறகு படம் நகர்ந்தது.

அன்று பெட்டியைத் தூக்கி நாற்பது நிமிடம் கழித்துத்தான் மூத்த மகன் ஜெயராஜ் வந்தான். வாய்க்கரிசி போடவில்லை.

"வியாபாரத்த முடிச்சுட்டுத்தானே வந்தீங்க," என்றாள் மனைவி நல்லம்மாள்.

மறுநாள் ஜெயராஜ் குளித்துவிட்டு, வீடியோவை மறுபடி ஓடவிட்டு, கைப்பிடி அரிசியோடு திரைமுன் நின்றான். படம் எங்கும் நிற்கவில்லை. அவன் கையை உயர்த்துவதற்குள் அப்பாவைத் தூக்கிவிட்டார்கள்.