ஐந்தாவது வரிசை

“நான் தக்காளி வளர்க்கச் சொன்னேன். நீ விளக்குமாறு வளர்த்து வச்சிருக்கே!”

பேராசிரியர் போட்ட சத்தத்தில் ஆராய்ச்சிப் பண்ணையே திரும்பிப் பார்த்தது.

இருபது நாள் தண்ணீரே இல்லாமல் தாக்குப் பிடிக்கும் தக்காளி, அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. இளநிலை மாணவர்கள் ஐந்து பேருக்கு ஆளுக்கொரு வரிசை. தினமும் சாயங்காலம் வந்து செடியை அளந்து எழுத வேண்டும். இந்த மதிப்பெண் வராவிட்டால் பட்டமும் வராது.

நான்கு வரிசைகள் மாப்பிள்ளை முறுக்கோடு நின்றன. கடைசி வரிசை மட்டும் சுள்ளி. அது, வகுப்பில் ‘சட்டப்புத்தகம்’ என்று பேர் வாங்கிய மாணவியுடையது.

பார்வையிட வந்திருந்த குழு சுள்ளியைத்தான் குனிந்து குனிந்து பார்த்தது. பேராசிரியருக்கு மானம் போயிற்று.

“என்னம்மா பண்ணே? வெந்நீர் ஊத்தினியா?”

“ஒரு சொட்டுகூட ஊத்தக் கூடாதுன்னு சொன்னீங்களே சார். ஊத்தல.”

“இவங்க மட்டும் ஊத்தினாங்களா?”

மற்ற நான்கு பேரும் அவசரமாகத் தலையை ஆட்டி மறுத்தார்கள். பாவம், சத்தியமாகவே ஊற்றவில்லை.

“அதே விதை, அதே மண்ணு. அப்போ கோளாறு எங்கே? உன் கைராசி அப்படி!”

விஞ்ஞானி வாயில் கைராசி வந்ததும் குழுவில் ஒருவர் இருமினார்.

அவளுடைய நோட்டைப் பிடுங்கிப் புரட்டினார் பேராசிரியர். ‘ஆறாம் நாள்: வாடல். பத்தாம் நாள்: இலை உதிர்வு. பதினைந்தாம் நாள்: செடி இறந்தது.’

“நோட்டா இது? கருமாதிப் பத்திரிகை! என் கவனக்குறைவாலதான் செத்துச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. இல்லேன்னா ஃபெயில். அடுத்த வருஷம் திரும்ப வா.”

அவள் பேனாவை எடுத்தாள். கண் கலங்கிவிட்டது. மூடியைக்கூடத் திறக்காமல் கீழே வைத்தாள்.

“நடக்காததை எப்படி சார் எழுதுறது?”

“அப்போ ஃபெயில்தான்!”

ஓரமாகக் களை பிடுங்கிக்கொண்டிருந்த பண்ணைக்காரம்மாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. கையை உதறிக்கொண்டு எழுந்து வந்தாள்.

“பாப்பாவைத் திட்டாதீங்கய்யா. அது என்ன பண்ணும்? தினமும் விடியக்காலம் நீங்க வந்து தண்ணி விடுறீங்களே, அந்த பைப்பு நாலாவது வரிசையோட நின்னு போகுது. நீளமா ஒண்ணு வாங்கித் தாங்கன்னு போன வாரமே சொன்னேன்ல?”