நாலுக்கு நாலு

"ஆதரவு நாலு, எதிர்ப்பு நாலு."

செயலாளர் நளினி எண்ணிச் சொன்னதும் சங்கத் தலைவர் சேதுராமனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அஞ்சுக்கு நாலு என்றல்லவா வரவேண்டும்?

ஷார்ஜா தொழிற்பேட்டை கேம்ப்களில் தங்கியிருக்கும் தொழிலாளர்களுக்கும் தமிழ்ச் சங்கத் தேர்தலில் ஓட்டுரிமை வேண்டும். இதுதான் தீர்மானம். பொங்கல் விழாவுக்குப் பந்தல் போடுவதும் நாற்காலி சுமப்பதும் அவர்கள்தான். ஓட்டு மட்டும் கிடையாது.

சேதுராமனும் மேடைக்கு மேடை அதை ஆதரித்துப் பேசியவர்தான். கமிட்டியில் ஐந்து பேர் இந்தப் பக்கம், ஐந்து பேர் அந்தப் பக்கம். சமமாக வந்தால் மட்டுமே தலைவருக்கு ஓட்டு. எதிர்த்தரப்பு மரியராஜ் அவசரமாக ஊருக்குக் கிளம்பிவிட்டார் என்று மதியமே தகவல் வந்தபோது, தன் ஓட்டுக்கு வேலை வராது என்று உள்ளூர நிம்மதியாகத்தான் இருந்தது.

ஆனால், தீர்மானத்தைக் கொண்டுவந்த அருள்ராஜே கை தூக்கவில்லை! தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"சார், இப்ப நீங்கதான் முடிவு பண்ணணும்," என்றாள் நளினி.

அறையே அவரைப் பார்த்தது. எதிர்த்தரப்புத் தலைவர் கௌரிசங்கரும் பார்த்தார்.

லண்டன் பாராளுமன்ற விவாதத்தைப் புதன்கிழமை தவறாமல் மொபைலில் பார்ப்பவர் சேதுராமன். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பிரிட்டிஷ் பார்லிமென்ட்ல ஓட்டு சமமா வந்தா, சபாநாயகர் மாற்றத்துக்கு ஆதரவா ஓட்டுப் போடமாட்டார். மெஜாரிட்டி இல்லாம எதையும் மாத்தக்கூடாதுங்கறது மரபு. அந்த மரபுப்படி நானும் எதிர்த்து ஓட்டுப் போடறேன். மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு."

தீர்மானம் தோற்றது. வாசலில் காத்திருந்த கேம்ப் ஆட்கள் ஏழெட்டுப் பேரும் சேதி கேட்டுக் கிளம்பினார்கள். பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்கள்.

விடிவதற்குள் வாட்ஸ்அப் குரூப்பில் அருள்ராஜுக்குத் 'துரோகி' என்று பெயர் வைத்தாகிவிட்டது. சிலர் 'விலை போயிட்டான்' என்றும் எழுதினார்கள்.

மறுநாள் மாலை சேதுராமன் நேரே அருள்ராஜ் வேலை பார்க்கும் கராஜுக்கே போய்விட்டார்.

"மூணு வருஷம் கேம்ப் கேம்பா அலைஞ்சு கையெழுத்து வாங்கினது நீங்க! கடைசி நிமிஷத்துல கையைக் கட்டிட்டு உட்கார்ந்தா என்ன அர்த்தம்? கௌரிசங்கர் என்ன குடுத்தார்?"

அருள்ராஜ் கைக் கிரீஸைத் துணியில் துடைத்தார்.

"மரியராஜோட தம்பி விஜின் கடலுக்குப் போயி மூணு நாளாத் திரும்பலன்னு நேத்துக் காலையில தகவல் வந்துது சார். வெறும் படகுதான் கரை ஒதுங்கிருந்துது."

"ஐயோ... அதுக்கும் நீங்க ஓட்டுப் போடாததுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஓட்டுப் போட்டுட்டு ராத்திரி ஃப்ளைட்ல போன்னு மரியராஜ்கிட்ட கௌரிசங்கர் சார் சொல்லிட்டாரு. மனுசன் போகவும் முடியாம இருக்கவும் முடியாம அல்லாடிட்டாரு. நாங்க ரெண்டு பேரும் ஒரு வருசமா முகம் குடுத்துப் பேசுனதில்ல. இருந்தாலும் போன் பண்ணுனேன். 'மதியம் ஃப்ளைட்டப் பிடிங்க. நானும் ஓட்டுப் போடல, கணக்கு சரியாப் போயிரும்'னேன். நீங்கதான சார் ஒருநாள் சொன்னீங்க... லண்டன்ல ஒரு கட்சிக்காரர் வர முடியலன்னா, எதிர்க்கட்சியிலயும் ஒருத்தர் ஓட்டுப் போடாம ஒதுங்கிக்குவாருன்னு."

சேதுராமன் பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி... கிடைச்சானா?"

"உடம்பு கிடைச்சுது. காலையில அடக்கம் பண்ணிட்டாங்க. அண்ணன்காரரு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துட்டாரு."

சேதுராமன் டயரிலிருந்து எழுந்தார்.

"நீங்க செஞ்சது பெரிய காரியம்தான் அருள்ராஜ். ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? அந்த ஏழை ஜனங்களோட ஓட்டைப் பணயம் வச்சுட்டீங்களே!"

அருள்ராஜ் அப்போதுதான் அவர் முகத்தை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை.

"பணயம் வைக்கல சார். நாலுக்கு நாலு வந்தா நீங்க இருக்கீங்கன்னு நம்பிட்டேன்."