மருந்தளவு வகுப்பைப் பற்றி ஒரு புகார்

"இந்த கிளாஸ் உருப்படாது சார்" என்று சொல்லி, நான்கு பக்கக் கடிதத்தை என் மேசைமேல் வைத்தார் அந்த அம்மா.

நர்சிங் கல்லூரி அலுவலகத்தில் புகார் வாங்கும் குமாஸ்தா நான்.

வாங்குவது என்பது பேருக்குத்தான். வந்தவரிடம் நைசாகப் பேசித் திருப்பி அனுப்புவதுதான் உண்மையான உத்தியோகம். பன்னிரண்டு வருடமாக எங்கள் புகார்ப் பதிவேட்டில் எலி கடித்த ஓட்டையைத் தவிர வேறெதுவும் பதிவானதில்லை.

ஆளைப் பார்த்ததும் எடை போடுவதில் கில்லாடி என்று எனக்கு என்னைப் பற்றி ஒரு நினைப்பு வேறு. ஐம்பது வயது, நரைத்த கொண்டை, தேய்ந்த செருப்பு, தோளில் கனமான பை. பார்த்த மாத்திரத்தில் முடிவு கட்டினேன்: பெண்ணை இங்கே படிக்கப் போட்டிருக்கும் அம்மா.

முதல் அஸ்திரத்தை எடுத்தேன்.

"மூணு காப்பி வேணுமேம்மா."

பையிலிருந்து இன்னும் இரண்டு பிரதிகள் வந்தன.

இரண்டாவது அஸ்திரம் பெருமூச்சு. அதை விட்டபடியே கடிதத்தைச் சும்மா புரட்டினேன். புரட்டியவன், என்னையறியாமல் படிக்க ஆரம்பித்துவிட்டேன்.

வழக்கமாகப் புகார் என்றால் 'மேற்படி ஆசிரியர் சரியில்லை' என்று ஒரு வரியும், மீதிக்குச் சாபமும் இருக்கும். இதில் தேதி இருந்தது. அன்றன்று பலகையில் எழுதிய கணக்கு இருந்தது.

'ஒரு லிட்டர் டிரிப்ஸ் எட்டு மணி நேரத்தில் இறங்க வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? ஆசிரியர் விடையை மட்டும் எழுதுகிறார். எப்படி வந்தது என்று கேட்டால், பார்த்தாலே தெரியும் என்கிறார். ஆசிரியர் நல்ல நர்ஸ். அதை வைத்து இந்த வகுப்பைக் கொடுத்தது கல்லூரியின் தவறு.'

அடுத்த பக்கம் இன்னும் மோசம்.

'தேர்வில் பாட்டிலை அரை லிட்டராக மாற்றிக் கேட்டபோது, நாற்பது பேரில் முப்பத்தாறு பேர் ஒரு லிட்டருக்கு மனப்பாடம் செய்த நாற்பத்திரண்டு சொட்டையே எழுதினார்கள். அடுத்த மாதம் இவர்கள் வார்டுக்குப் போகிறார்கள். அங்கே படுத்திருப்பது கேள்வித்தாள் அல்ல.'

போன வருடம் என் கையிலும் அப்படியொரு பாட்டில் இறங்கியது. எத்தனை சொட்டு என்று நான் எண்ணவில்லை.

பெற்றவர் என்றால் இவரல்லவா பெற்றவர் என்று தோன்றியது. மகளின் நோட்டை வரி வரியாகப் படித்திருக்கிறார். என் மகன் என்ன படிக்கிறான் என்று யாராவது கேட்டால் நான் 'இரண்டாம் வருடம்' என்பேன். அதுவும் சரிதானா என்று அவன் அம்மாவைத் திரும்பிப் பார்ப்பேன்.

"பிரின்சிபால்கிட்ட நேர்ல சொல்லிப் பாக்கலாமே?"

"சொல்லியாச்சு. எழுத்துல புகார் வந்தாத்தான் ஆளை மாத்த முடியுமாம். பொண்ணுங்க எழுத மாட்டாங்க சார். அந்த டீச்சர்னா அவங்களுக்கு உசுரு."

கடைசி அஸ்திரம்தான் பாக்கி. குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"இது உள்ள போச்சுன்னா அவங்க வேலை போயிடும்மா. வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை. பாவம், அவங்களுக்கும் ஒரு குடும்பம் இருக்கும்ல. கொஞ்சம் யோசிங்க."

இந்த இடத்தில் எப்பேர்ப்பட்ட கல்நெஞ்சக்காரரும் கடிதத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். இவர் கையும் கடிதத்தின் பக்கம் வந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மடங்கியிருந்த ஓரத்தை நீவி நேராக்கிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"ரெண்டு நாளா அதைத்தான் யோசிச்சேன். சீல் போடுங்க சார்."

பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக சீலைத் தேடினேன். மை காய்ந்து கிடந்தது. தண்ணீர் தொட்டு, ஒன்றுக்கு மூன்றாகக் குத்தினேன். வகுப்பு மணி அடித்தது. அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

அப்புறம்தான் கவனித்தேன். கடைசிப் பக்கத்தில் கிறுக்கலாக ஒரு கையெழுத்து மட்டும் இருந்தது. மகளின் பதிவு எண் இல்லை. அது இல்லாமல் புகார் செல்லாது.

வேறொரு நாளாக இருந்தால் குஷியில் ஒரு டீ சொல்லியிருப்பேன். அன்றைக்கு என்ன பிடித்ததோ, கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

வாசலில் அவரைக் காணோம். காவலாளி முகவாயால் மாடிப்படியைக் காட்டினார்.

இரண்டு மாடி. என் தொப்பையோடு அதை ஏறுவது, தனிப் புகாராக எழுத வேண்டிய விஷயம். அதனாலேயே பன்னிரண்டு வருடமாக வகுப்பறைப் பக்கம் போனதில்லை; பாடம் நடத்துகிறவர்களின் முகம்கூட எனக்குத் தெரியாது.

கடைசி அறையில் நாற்பது பெண்கள் எழுந்து நின்று, முகமெல்லாம் சிரிப்பாக வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா பையை மேசையில் வைத்துவிட்டு சாக்பீஸை எடுத்தார்.

பலகையில் ஒரு கணக்கு எழுதினார். பக்கத்திலேயே விடையையும் எழுதினார். முன்வரிசையில் ஒருத்தி கை தூக்கினாள்.

அவர் கணக்கைப் பார்த்தார். விடையைப் பார்த்தார். கடைசியில், கண்ணுக்குத் தெரியாத ஒரு குழாயை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கை விரலால் காற்றில் சொட்டுச் சொட்டாகத் தட்டிக் காட்டினார்.

"இப்படி விழணும்மா. பாத்தாலே தெரியும்."

ஜன்னலோரம் ஐந்து நிமிடம் நின்று கேட்டுவிட்டு, பதிவு எண் இல்லாத அந்தக் கடிதத்தோடேயே பிரின்சிபால் அறைக்கு நடந்தேன்.

புகாரில் ஒரு வரிகூட மிகையில்லை.