இன்றைக்கு வைத்த தப்பு

'மூன்று மாதம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம்' என்று நினைத்தபடி கல்லூரி முதல்வர் அம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். இன்றைய பாடத்தைப் பார்த்துவிட்டு, புது டீச்சருக்கு வேலையை நிரந்தரம் செய்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவெடுக்க வேண்டும்.

சனிக்கிழமை டிப்ளமோ வகுப்பு. மாணவர்கள் எல்லாரும் வேலை பார்க்கிற, மீசை நரைத்த ஆசாமிகள். இரண்டு வாத்தியார்களை ஓட ஓட விரட்டிய கூட்டம். அதிலும் அந்த லிஃப்ட் மெக்கானிக், சரியான வாய்த்துடுக்கு.

டீச்சர் கரும்பலகையில் எழுதினாள். "ரெண்டு மைக்ரோ கூலும், மூணு மைக்ரோ கூலும்னு ரெண்டு மின்னூட்டம். நடுவுல முப்பது சென்டிமீட்டர். ஒண்ணை ஒண்ணு எவ்வளவு விசையோட தள்ளும்?"

மடமடவென்று போட்டு முடித்தாள். 0.18 நியூட்டன்.

முதல்வருக்குச் சுருக்கென்றது. தூரத்தை வர்க்கம் செய்யவில்லை! அடிப்படையிலேயே கோட்டை விட்டுவிட்டாளே!

லிஃப்ட் மெக்கானிக் துள்ளி எழுந்தார். போச்சு, மானத்தை வாங்கப்போகிறார்.

"பிடிச்சிட்டேன் டீச்சர்! தூரத்துக்கு வர்க்கம் போடல! இன்னைக்கு நான்தான் ஜெயிச்சேன்!"

"யோவ், நான்தான்யா முதல்ல பாத்தேன்!" வெல்டர் பெஞ்சைத் தட்டினார். "சரியான விடை 0.6 டீச்சர்!"

"செல்லாது, செல்லாது! நான் அப்பவே கை தூக்கிட்டேன்!"

வகுப்பே ரெண்டுபட்டது. டீச்சர் திருதிருவென்று விழித்தாள்.

"என்ன போட்டி இது?" என்றார் முதல்வர்.

"வாராவாரம் டீச்சர் வேணும்னே ஒரு தப்பு வைப்பாங்க மேடம். முதல்ல பிடிக்கிறவங்க ஜெயிச்சவங்க. போன சனிக்கிழமை வெல்டர் ஜெயிச்சாரு!" என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

"பலே!" என்று சிரித்துவிட்டு முதல்வர் எழுந்து போனார்.

வகுப்பு முடிந்ததும் டீச்சர் மூச்சிரைக்க அவர் அறைக்கு ஓடிவந்தாள்.

"மேடம், அப்படி ஒரு போட்டியே இல்ல. பதட்டத்துல நான் நிஜமாவே தப்பாப் போட்டுட்டேன். அவங்க என்னைக் காப்பாத்தப் பொய் சொன்னாங்க."

"தெரியும்மா. போன சனிக்கிழமை நீ லீவு. லீவு லெட்டர்ல கையெழுத்துப் போட்டதே நான்தானே!"

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முதல்வர் நிரந்தர ஆணையில் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார்.

"அடுத்த வாரத்துலேர்ந்து அந்தப் போட்டியை ஆரம்பிச்சிடு. பாவம், பெரிய மனுஷங்க, அவங்க சொன்னது பொய்யாகிடக் கூடாது."